நெஞ்சில் நீர் கோத்தால்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

வெள்ளிக்கிழமை வேலூர் பக்கத்து ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு மலையிலிருந்து ஆடு ஓட்டி வருபவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் வரை நிற்காமல் ஏறி இறங்கிய பாதையில் இந்த வருஷம் மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுகிறார். கேட்டால் "வயசாயிடுச்சு" என்கிறார். இன்னும் ஒரு மாதம் கழித்து, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே தூங்குகிறார். அப்புறம்தான் யாரோ எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள். "நெஞ்சுல நீர் கோத்திருக்கு" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

குடும்பம் அதையே நோயின் பெயராக எடுத்துக்கொள்கிறது. தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நெஞ்சில் நீர் என்பது நோயின் பெயர் அல்ல. காசநோய், இதயம் தளர்வது, நிமோனியா, கல்லீரல் கெடுவது, புற்று என ஐம்பதுக்கும் மேற்பட்ட கோளாறுகள் ஒரே மாதிரி விட்டுச்செல்லும் தடம் அது. நீரை எடுத்துவிட்டால் மூச்சு லேசாகும். காரணம் உள்ளேயே இருக்கும்.

இந்த அத்தியாயம் நோயாளியின் குடும்பத்தாருக்கும், கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும், மலைக் கிராமங்களில் வேலை செய்யும் தன்னார்வலருக்கும். வீட்டிலேயே நோயைக் கண்டுபிடித்துவிட முடியாது. ஆனால் மருத்துவர் சீக்கிரம் கண்டுபிடிக்கத் தேவையானதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. எடுத்த நீர் ஆய்வகத்துக்குப் போனதா, அறிக்கை வந்ததா, அதில் காரணத்தின் பெயர் இருக்கிறதா என்று விடாமல் கேட்பதும் உங்கள் வேலைதான்.

நீர் எங்கே நிற்கிறது?

நுரையீரலைச் சுற்றி மெல்லிய உறை இரண்டு மடிப்பாக இருக்கிறது. மூச்சு விடும்போது உரசாமல் இருக்க அந்த இடைவெளியில் எப்போதும் கொஞ்சம் நீர் இருக்கும். மொத்தமே மூன்று நான்கு தேக்கரண்டிதான். ஊறுவது கூடினாலோ வடிவது குறைந்தாலோ அது தேங்கும். சில சமயம் இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் வரைகூடச் சேரும். நீர் நுரையீரலுக்கு வெளியே நின்று அதை அமுக்குகிறது. அதிகம் தண்ணீர் குடித்ததாலோ, பச்சைத் தண்ணீரில் குளித்ததாலோ இது வராது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் வேலை: இது அவசரமா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காரணம் தேடிக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

1. ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் இடையில் மூச்சு வாங்குவது.
2. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு. கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள்.
3. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 90-க்குக் கீழ். 94-க்குக் கீழே இருந்தாலே அன்றைக்குள் மருத்துவரிடம் போக வேண்டும்.
4. உதடு, நகம் நீலம் பாய்வது, குழப்பமாகப் பேசுவது, மயக்கம்.
5. திடீரென்று வந்த நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறல். அதிலும் ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தாலோ, சமீபத்தில் பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆகியிருந்தாலோ இன்னும் அவசரம். கால் ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.
6. விபத்திலோ, மரத்திலிருந்து விழுந்தோ அடிபட்ட பிறகு மூச்சுத் திணறல். புளி உலுக்க ஏறியவர் விழுந்து, "விலா வலி மட்டும்தான்" என்று படுத்திருந்தாலும் அழைத்துப் போங்கள். உள்ளே ரத்தம் சேரலாம்.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு. 2 மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த அளவைத் தொட்டாலே வேகமான மூச்சு என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

*குறிப்பு:* பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளின் உட்கிராமங்களிலிருந்து வருபவர்கள் வண்டி வந்து நிற்கும் இடத்தை முன்பே தீர்மானித்து வையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துத் தூக்க வேண்டாம். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்குங்கள். நெஞ்சில் நீர் இருப்பவருக்குப் படுத்தால் மூச்சு இன்னும் முட்டும்.

இரண்டாம் வேலை: ஒரு பக்கம் எழுதுங்கள்

புறநோயாளிகள் வரிசையில் மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். அந்த நேரத்தில் "ரொம்ப நாளா இப்படித்தான் சார்" என்று சொன்னால் யாருக்கும் பயனில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்றை உட்கார வைத்துக் கீழே உள்ளவற்றுக்கு ஒரு பக்கத்தில் பதில் எழுதச் சொல்லுங்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பதில் இந்தத் தாள் பெரிய உதவி.

1. மூச்சு வாங்குவது என்றைக்குத் தொடங்கியது? தேதி தெரியாவிட்டால் பண்டிகையை வைத்துச் சொல்லுங்கள்: தீபாவளிக்கு முன்பா, பொங்கலுக்குப் பிறகா? நாட்கணக்கில் வந்தால் நிமோனியா, டெங்கு, உண்ணிக் காய்ச்சல் பக்கம் நினைப்பார்கள். வாரக்கணக்கில் வந்தால் காசநோய். மாதக்கணக்கில் என்றால் இதயம், கல்லீரல், புற்று.
2. காய்ச்சல் உண்டா? சாயங்காலம் மட்டும் வருகிறதா? ராத்திரி வேர்வையில் சட்டை நனைகிறதா?
3. இழுத்து மூச்சு விட்டால் விலாவில் குத்துகிறதா? முதலில் குத்திக்கொண்டிருந்து பிறகு வலி நின்று மூச்சு வாங்க ஆரம்பித்ததா? இதைக் கட்டாயம் எழுதுங்கள். உறைகள் வீங்கி உரசும்போது வலிக்கும். நடுவில் நீர் புகுந்ததும் உரசல் நின்று வலி குறையும். பலர் "வலி சரியாயிடுச்சு" என்று இந்தக் கட்டத்தில்தான் மருந்தை நிறுத்துகிறார்கள்.
4. இரண்டு காலும் வீங்குகிறதா? ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறாரா? எத்தனை தலையணை தேவைப்படுகிறது?
5. காலையில் முகம், கண் இமை ஊதியிருக்கிறதா? சிறுநீர் நுரைக்கிறதா?
6. வயிறு பெருத்திருக்கிறதா? கண் மஞ்சளா? குடிப்பழக்கம் எத்தனை வருஷமாக? மனைவி, பிள்ளைகள் முன்னால் கேட்டால் பாதிதான் வெளியே வரும். தனியாகக் கேளுங்கள்.
7. எடை எவ்வளவு குறைந்தது? எடை தெரியாவிட்டால் இடுப்பில் துணி எவ்வளவு தளர்ந்தது?
8. வீட்டில், பக்கத்து வீட்டில், வேலை செய்த செங்கல் சூளையில் யாருக்காவது காசநோய் இருந்ததா? இரண்டு வருஷம் முன்பு செத்துப்போன பெரியப்பா "இருமி இருமிச் செத்தார்" என்றால் அதையும் எழுதுங்கள்.
9. வெளியூர் வேலைக்குப் போனாரா? எங்கே, என்ன வேலை? கல், தூசு, கல்நார் கூரைத் தொழிற்சாலை என்றால் தனியாகக் குறிப்பிடுங்கள்.
10. இதுவரை சாப்பிட்ட எல்லா மருந்தும். அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, வேர், பொடி இருந்தால் அதையும் சொல்லுங்கள். யாரும் திட்டினால் திட்டட்டும். மறைப்பதைவிட அது மேல்.

செவிலியருக்கு: தட்டிப் பார்ப்பது

பானையில் தண்ணீர் எது வரைக்கும் இருக்கிறது என்று விரலால் தட்டித் தெரிந்துகொள்வது நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கம். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் முறையும் அதே வழியில் வந்ததுதான். ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து விடுதிக்காரர் மகன் லியோபோல்ட் அவன்ப்ருக்கர். பீப்பாயைத் தட்டி அளவு பார்ப்பதை அறிந்திருந்த அவர், மருத்துவரான பிறகு நோயாளிகளின் நெஞ்சைத் தட்டிப் பார்த்து 1761-இல் அதைப் புத்தகமாக எழுதினார். ஸ்டெதாஸ்கோப் வந்தது அதற்கு 55 வருஷம் கழித்து.

1. நோயாளியை உட்கார வைத்து, முதுகு உங்கள் பக்கம் இருக்கச் செய்யுங்கள். கைகளை முன்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்போது தோள்பட்டை எலும்பு விலகும்.
2. இடது கை நடுவிரலை விலா இடைவெளியில் அழுத்தி வைத்து, வலது கை நடுவிரல் நுனியால் அதன் மேல் தட்டுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் வலது பக்கம் ஒரு தட்டு, இடது பக்கம் ஒரு தட்டு.
3. காற்று இருக்கும் இடம் வெற்றுப் பானைபோல ஒலிக்கும். நீர் நிற்கும் இடம் கல்லைத் தட்டியதுபோல் செத்து ஒலிக்கும்.
4. அதே இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து "ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லுங்க" என்று கேளுங்கள். நீர் இருக்கும் பக்கம் மூச்சுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் மங்கும்.

வலது பக்க அடி நெஞ்சில் கல்லீரல் இருப்பதால் அங்கே இயல்பாகவே மந்தமாக ஒலிக்கும். புதியவர்கள் இதில்தான் ஏமாறுவார்கள். சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள். நீர் கொஞ்சமாக இருந்தால் தட்டலில் தெரியவே தெரியாது. அதனால் "தட்டினேன், ஒன்றுமில்லை" என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

எக்ஸ்ரேயும் ஸ்கேனும்

நின்றபடி எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரேயில் நீர் தெரிய ஏறக்குறைய 200 மில்லி சேர்ந்திருக்க வேண்டும். பக்கவாட்டில் எடுத்தால் 50 மில்லியும் தெரியும். படுக்க வைத்து எடுத்தால் நீர் முதுகுப் பக்கம் பரவி, படம் முழுக்க லேசாக வெளுத்தாற்போல் மட்டும் காட்டும். நோயாளியால் நிற்கவோ உட்காரவோ முடியும் என்றால் அதைச் சொல்லுங்கள்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இன்னும் நுட்பமானது. சில தேக்கரண்டி நீரையும் காட்டிவிடும். நீர் தெளிவாக இருக்கிறதா, உள்ளே நூல்நூலாகத் தடுப்பு விழுந்து அறைஅறையாகப் பிரிந்திருக்கிறதா என்பதும் அதில் தெரியும். தடுப்பு விழுந்திருந்தால் சீழோ, காசநோயோ, பழைய ரத்தமோ என்று யோசிக்க வேண்டும். ஊசி எங்கே குத்தலாம் என்று இடம் பார்ப்பதும் ஸ்கேன் வைத்துத்தான்.

*குறிப்பு:* பழைய எக்ஸ்ரே படங்களை ஓலைப் பெட்டியிலிருந்தாவது தேடி எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று வருஷம் முன்பும் அதே இடத்தில் அதே நிழல் இருந்தால் மருத்துவரின் யோசனை மொத்தமும் மாறும். படத்தை மடிக்க வேண்டாம். கைப்பேசியில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்தால் தெளிவாக விழும்.

ஊசியால் நீர் எடுக்கும் நாள்

காரணத்தைத் தேடுவதில் இதுதான் மையம். இதைக் கேட்டதும் பாதிப் பேர் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். "ஊசி போட்டால் நுரையீரல் ஓட்டை விழும்", "ஒரு தடவை எடுத்தால் ஆயுசுக்கும் எடுக்கணும்" என்ற பயம் மலையிலும் உண்டு, ஊரிலும் உண்டு. திரும்பச் சேர்வது ஊசியால் அல்ல, காரணம் தீராததால். ஓட்டை விழும் ஆபத்து ஸ்கேன் பார்த்துச் செய்யும்போது மிகவும் குறைகிறது.

எல்லோருக்கும் ஊசி வேண்டியதில்லை. இதயம் தளர்ந்தது தெளிவாகத் தெரிந்து, இரண்டு பக்கமும் நீர், காய்ச்சலும் வலியும் இல்லை என்றால் சிறுநீர் பிரியும் மருந்து கொடுத்துச் சில நாள் பார்ப்பார்கள். டெங்குவில் சேரும் நீரையும் பொதுவாகத் தொட மாட்டார்கள். ரத்தம் கசியும் ஆபத்து உண்டு, தானாகவே வற்றியும்விடும். ஒரு பக்கம் மட்டும் நீர், கூடவே காய்ச்சலோ எடை குறைவோ இருந்தால் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

அன்றைக்கு நடக்க வேண்டிய வரிசை:

1. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற பெயர் அட்டையில் இருக்கும்.
2. நோயாளி கட்டிலில் உட்கார்ந்து, முன்னால் மேசையில் தலையணை போட்டு அதன் மேல் கைகளை வைத்துக் குனிவார். ஸ்கேனில் இடம் குறிப்பார்கள்.
3. மரத்துப்போகும் ஊசி முதலில். விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டித்தான் ஊசி போகும். கீழ் விளிம்பில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் தவிர்ப்பார்கள்.
4. குத்தும்போது இருமாமல், திடீரென்று அசையாமல் இருக்கச் சொல்லுங்கள். இருமல் வந்தால் முன்கூட்டியே கை காட்டட்டும்.
5. பரிசோதனைக்கு 50 அல்லது 60 மில்லி போதும். மூச்சு லேசாக வேண்டும் என்று அதிகம் எடுத்தாலும் ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போவதில்லை. அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் ஊறும் ஆபத்து உண்டு. நெஞ்சு இறுகினாலோ இருமல் அடக்க முடியாமல் வந்தாலோ அங்கேயே நிறுத்தச் சொல்லலாம்.
6. அதே நாளில் கையிலும் ரத்தம் எடுத்தார்களா என்று பாருங்கள். நீரில் உள்ள புரதத்தை ரத்தத்தில் உள்ள புரதத்தோடு ஒப்பிட்டால்தான் கணக்கு வரும். நீர் மட்டும் போய் ரத்தம் போகாவிட்டால் பாதி வேலை வீண்.
7. நீர் எந்தெந்தக் குப்பிக்குப் போகிறது என்று கேளுங்கள். உயிரணு எண்ணிக்கை, புரதம், எல்.டி.எச். என்ற நொதி, சர்க்கரை, ஏ.டி.ஏ. என்ற இன்னொரு நொதி, கிருமி வளர்ப்பு, காசநோய்க் கிருமிக்கான மூலக்கூறுப் பரிசோதனை, புற்றணுப் பரிசோதனை. எல்லாமே எல்லோருக்கும் தேவைப்படாது. எது போகவில்லை, ஏன் என்று கேட்பதில் தவறில்லை.
8. முடிந்ததும் சில மணி நேரம் அங்கேயே இருங்கள். திடீரென்று மூச்சுத் திணறலோ குத்தலோ வந்தால் உடனே சொல்லுங்கள்.

ஆய்வகத்துக்கு நீங்களே குப்பியைத் தூக்கிக்கொண்டு போக நேரலாம். பெயர், வயது, தேதி, எந்தப் பக்கத்து நீர் என்று குப்பியின் மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துக் குப்பியிலும் எழுதச் சொல்லுங்கள். மூடி மாறினால் நோயாளி மாறிவிடுவார். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள்; உயிரணுக்கள் நேரம் ஆக ஆக அழியும்.

நிறம் சொல்வது

மருத்துவர் பார்ப்பதற்குள் உங்கள் கண்ணிலும் படும். வெளிர் மஞ்சள் என்றால் காசநோய், இதயம், கல்லீரல் எதுவாகவும் இருக்கலாம். நிறம் மட்டும் முடிவு சொல்லாது. கலங்கிக் கெட்டியாக, நாற்றம் அடித்தால் சீழ். அப்போது ஊசி போதாது, குழாய் போட வேண்டும், அதுவும் அன்றைக்கே. ரத்தம் கலந்து வந்தால் புற்று, காசநோய், நுரையீரல் ரத்தக் கட்டி, அடிபட்டது என்ற வரிசையில் தேடுவார்கள். பால்போல் வந்தால் நிணநீர்க் குழாயில் உடைப்பு இருக்கலாம்; கொழுப்பு அளவு பார்க்க வேண்டும். செங்கபில நிறத்தில் சாக்லேட் கூழ்போல வலது பக்கத்திலிருந்து வந்தால், கல்லீரலில் அமீபாச் சீழ்க்கட்டி உடைந்து மேலே ஏறியிருக்கலாம்.

அறிக்கையில் போடும் கணக்கு

1972-இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய கணக்கை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க இன்றும் அதுதான் முதல் படி. நீரை இரண்டு வகையாகப் பிரிக்கும். உடம்பின் அழுத்தமோ புரதமோ மாறியதால் வெறுமனே வடிந்த நீர் ஒன்று. உறையே நோயுற்று ஊறிய நீர் மற்றொன்று. மருத்துவர்கள் முதலாவதை ட்ரான்ஸுடேட் என்றும், இரண்டாவதை எக்ஸுடேட் என்றும் எழுதுவார்கள்.

கீழே உள்ள மூன்றில் ஒன்று பொருந்தினாலும் அது எக்ஸுடேட்:

1. நீரில் உள்ள புரதத்தை ரத்தத்தில் உள்ள புரதத்தால் வகுத்தால் 0.5-க்கு மேல்.
2. நீரின் எல்.டி.எச்.-ஐ ரத்தத்தின் எல்.டி.எச்.-ஆல் வகுத்தால் 0.6-க்கு மேல்.
3. நீரின் எல்.டி.எச்., ரத்தத்துக்கான இயல்பு உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நீரில் புரதம் 4.2, ரத்தத்தில் 7. வகுத்தால் 0.6. எக்ஸுடேட். இன்னொருவருக்கு நீரில் 1.6, ரத்தத்தில் 6.4. வகுத்தால் 0.25. எல்.டி.எச். கணக்குகளும் அளவுக்குள் இருந்தால் ட்ரான்ஸுடேட். முதல் நபருக்கு உறையில் நோய் தேட வேண்டும். இரண்டாமவருக்கு இதயம், கல்லீரல், சிறுநீரகம் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. இதய நோயாளிக்குச் சிறுநீர் பிரியும் மருந்து சில நாள் கொடுத்த பிறகு நீர் எடுத்தால், நீர் வற்றிப் புரதம் அடர்ந்து, கணக்கு தவறாக எக்ஸுடேட் என்று காட்டலாம். அப்படிச் சந்தேகம் வந்தால் ரத்த அல்புமினிலிருந்து நீரின் அல்புமினைக் கழித்துப் பார்ப்பார்கள். வித்தியாசம் 1.2 கிராமுக்கு மேல் இருந்தால் இதயத்தின் பக்கமே திரும்புவார்கள். மருந்துப் பையைக் கொண்டுபோகச் சொன்னது இதற்கும்தான்.

காசநோய்: இங்கே முதலில் நினைக்க வேண்டியது

இந்தியாவில் இளைஞர் ஒருவருக்கு ஒரு பக்கம் மட்டும் வெளிர் மஞ்சள் நீர், சில வாரக் காய்ச்சல், எடை குறைவு என்றால் முதல் சந்தேகம் காசநோய்தான். இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நுரையீரல் காசநோயில் சளியில் கிருமிகள் ஏராளமாக இருக்கும். உறைக் காசநோயில் நீரில் கிருமி மிகக் குறைவு. உடம்பின் எதிர்ப்பு வேகத்தால்தான் நீர் ஊறுகிறது. அதனால் நீரை நுண்ணோக்கியில் பார்த்தால் பத்தில் ஒருவருக்குக்கூடக் கிருமி தெரியாது. மூலக்கூறுப் பரிசோதனையான சிபிநாட், ட்ரூநாட் கூட நீரில் பலமுறை தவறவிடும். "நீரில் டிபி இல்லை" என்று வந்த அறிக்கையை வைத்துக் காசநோய் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

அதனால் மருத்துவர் பல துப்புகளைச் சேர்த்துப் பார்ப்பார். நீரில் லிம்போசைட் என்ற வெள்ளணு மிகுந்திருப்பது, ஏ.டி.ஏ. அளவு 40-க்கு மேல் இருப்பது, வயது, வீட்டில் காசநோய் இருந்தது. ஏ.டி.ஏ. சீழிலும் சில ரத்தப் புற்றுகளிலும் கூடும். அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி மருந்து தொடங்கக் கூடாது. உறுதியாகத் தெரிய வேண்டும் என்றால் உறையிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள்.

இருமல் இல்லாவிட்டாலும் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். நுரையீரலிலும் கிருமி இருக்கலாம். அப்படி இருந்தால் வீட்டில் குழந்தைகளுக்குப் பரவும், மருந்து எதிர்ப்பும் அதில்தான் தெரியவரும். எச்.ஐ.வி., சர்க்கரை இரண்டும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு இல்லை. சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பர் முதல் இந்தத் தொகை. மலையாளி பழங்குடிக் குடும்பங்களில் பலருக்கு ஆதாரும் வங்கிக் கணக்கும் ஒத்துப்போகாமல் பணம் தங்கிவிடுகிறது. பதிவு செய்யும்போதே இதைச் சரிபார்க்கச் செவிலியர் உதவ வேண்டும்.

நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை அடிவாரத்துக்காரர், இளவயது. ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு முறை நீர் எடுத்தார்கள். இரண்டு முறையும் மூச்சு லேசானது, நீர் கழிவுத் தொட்டிக்குப் போனது. ஒரு குப்பிகூட ஆய்வகத்துக்குப் போகவில்லை. பிறகு நீர் தானாகவே வற்றிவிட்டது. குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போனார். ஒன்றரை வருஷம் கழித்து ரத்தமாகக் கக்கிக்கொண்டு வந்தார். சளியில் கிருமி நிறைய. வீட்டில் இரண்டு பேருக்குத் தொற்றியிருந்தது. உறைக் காசநோயின் நீர் மருந்தில்லாமலே சில மாதங்களில் வற்றுவது சகஜம். அப்படி வற்றியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அடுத்த சில ஆண்டுகளில் காசநோய் திரும்ப வரும் என்பது மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில் பலரைத் தொடர்ந்து பார்த்துத் தெரிந்துகொண்ட உண்மை.

மற்ற காரணங்கள், நம் பக்கத்துக்கு ஏற்ற வரிசையில்

*நிமோனியாவும் சீழும்.* நாட்கணக்கில் கடும் காய்ச்சல், மஞ்சள் சளி, விலாவில் குத்து. நீரின் சர்க்கரை 60-க்குக் கீழ், அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2-க்குக் கீழ் என்றால் குழாய் போட வேண்டியிருக்கும். நான்கு ஐந்து நாள் சரியான ஆன்டிபயாட்டிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்காவிட்டால் மறுபடி ஸ்கேன் கேளுங்கள்.

*உண்ணிக் காய்ச்சல்.* ஸ்க்ரப் டைபஸ் என்று எழுதுவார்கள். புதர், புல்வெளியில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சியின் கடியால் வருவது. வேலூரைச் சுற்றி மழைக்காலத்துக்குப் பின், குளிர் மாதங்களில் அதிகம். இரண்டு பக்கமும் நீர் சேரலாம், நுரையீரலே வீங்கிவிடலாம். ஆடு மேய்ப்பவர், விறகு பொறுக்குபவர் என்றால் உடம்பு முழுக்கப் பாருங்கள்: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, இடுப்பு நாடா படும் இடம். சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுங்கள். பெண்கள் வெட்கப்பட்டுக் காட்டாமல் விடுவதால் பல நாள் வீணாகிறது. பெண் செவிலியர் தனி அறையில் பார்க்க வேண்டும். கடும் நோயில் எந்த மருந்துச் சேர்க்கை நன்றாக வேலை செய்கிறது என்று உலகுக்குக் காட்டிய ஆய்வு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் நடந்து 2023-இல் வெளியானது.

*டெங்கு.* காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து. அந்த ஒன்றிரண்டு நாளில் வயிற்று வலி, விடாத வாந்தி, மூச்சு வாங்குவது வந்தால் மருத்துவமனைதான்.

*இதயம்.* சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததாகச் சொன்னால் வால்வு கெட்டிருக்கலாம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும்.

*கல்லீரல், சிறுநீரகம், கணையம்.* கல்லீரல் கெட்டால் நீர் பெரும்பாலும் வலது பக்கம். கணைய அழற்சியில் பெரும்பாலும் இடது பக்கம், நீரில் அமிலேஸ் ஏறியிருக்கும். இரண்டிலும் சாராயத்தின் பங்கு பெரிது. முகம் ஊதி, சிறுநீர் நுரைத்தால் அன்றே சிறுநீர்ப் புரதம் பாருங்கள்.

*புற்று.* நடுவயதைத் தாண்டியவர், எடுக்க எடுக்க நீர் திரும்பச் சேர்கிறது, எடை கரைகிறது. பெண்களுக்கு மார்பகத்தையும் கருப்பையையும் சினைப்பையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புற்றணு முதல் நீரில் தெரியாமல் போவது உண்டு. இரண்டாம் முறை அனுப்பினால் சிலருக்குத் தெரியவரும். மூன்றாம் நான்காம் முறை அனுப்பி நாள் கடத்துவதில் பலன் குறைவு.

மூட்டுவாதம், லூபஸ், தைராய்டு குறைவு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் நீர் சேரும். மேலே உள்ளவை ஒத்துவராதபோது மருத்துவர் அங்கே போவார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

மருந்துக்கடையில் கேட்டு லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிடுவது. அது காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கி, கொல்லாமல் விட்டு, பரிசோதனையில் தெரியாமல் செய்துவிடும். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான்: இரண்டு நாள் தெம்பாக இருக்கும், நோய் உள்ளே பரவும்.

அறிக்கை வருவதற்குள் ஊருக்குத் திரும்பிவிடுவது. கிருமி வளர்ப்பு முடிவு காசநோய்க்கு ஆறு வாரம் வரைகூட எடுக்கும். யார் போய் வாங்குவது என்று கிளம்பும் முன்பே ஒருவர் பெயரை முடிவு செய்யுங்கள்.

ஊருக்கு ஒரு மருத்துவர் மாற்றுவது. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார். எல்லாத் தாளையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள்.

பெயர் கிடைக்காவிட்டால்

முதல் சுற்றுப் பரிசோதனைகளுக்குப் பிறகும் ஐந்தில் ஒருவர் வரைக்கும் காரணம் பிடிபடாமல் போகலாம். அப்போது கேட்க வேண்டியது இரண்டு: நெஞ்சு சி.டி. ஸ்கேன், பிறகு உறையிலிருந்து துண்டு எடுக்கும் பயாப்ஸி. சிறு துளை வழியாகக் குழாய்க் கேமராவை விட்டு நேரில் பார்த்துத் துண்டு எடுக்கும் முறையில் பெரும்பாலானவர்களுக்கு விடை கிடைத்துவிடும். இதற்கு ஒடுகத்தூரிலிருந்து பெரிய மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது சென்னை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். எந்தச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்.

காசநோய் என்று முடிவானால் மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதத்திலேயே காய்ச்சல் போய், பசி வந்து, எக்ஸ்ரேயில் நீர் பெரும்பகுதி வற்றியிருக்கும். சாமை அறுப்பும் புளி உலுக்கலும் கூப்பிடும் நேரத்தில் மாத்திரை நிற்பது அந்தக் கட்டத்தில்தான். வேலைக்குப் போகட்டும். மிச்சம் இருக்கும் நான்கு மாத மாத்திரையையும் பையில் வைத்து அனுப்புங்கள்.